பின்சக்கர டிஸ்க் பிடித்துக்கொண்ட பழைய கார்: 'மாற்றியாச்சு சார்' என்ற சொல்லை நம்பி நான் ஏமாந்தது

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மழைக்காலத்தில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பின்பக்க பிரேக் வேலை என்று சொல்லி என்னிடம் 31,400 ரூபாய் வாங்கிக்கொண்டு பாதி வேலையைத் தொடவே இல்லை. தொட்ட பாதியும் வண்டியைக் கெடுத்துவிட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த பிரேக்கை நம்பி மூன்று வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு கலங்குகிறது.

வண்டி 2009 ஹோண்டா சிவிக், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழல்கிற இரும்பு வட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற கட்டைகள் பேடு, பேடை அழுத்துகிற பிஸ்டன் இருக்கிற பகுதி கேலிப்பர். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே சீக்கிரம் பொருக்குத் தட்டிப்போகும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் திருநெல்வேலி போய் இரண்டரை மாதம் தங்கும்படி ஆகிவிட்டது. அந்த நேரம் முழுக்க மழை. வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன்.

திரும்பி வந்து ஹேண்ட் பிரேக்கை இறக்கி ரிவர்ஸ் போட்டால் வண்டி நகரவில்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்னால் 'டொப்'பென்று ஒரு சத்தம், அப்புறம் நகர்ந்தது. ஆனால் இழுவை இருந்தது. நாலு கிலோமீட்டர் போவதற்குள் பின்சக்கரம் இரண்டிலும் கை வைக்க முடியாத சூடு, தீய்ந்த வாடை. இந்த மாடலில் ஹேண்ட் பிரேக் கேபிள் நேராகப் பின் கேலிப்பரிலேயே வந்து சேரும். இழுத்தால் பேடு டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும். ஈரத்தில் மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும், கேலிப்பருக்குள் பிஸ்டனும் இறுகிப்போகும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பக்கத்தில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க் ஷாப். பேர் சொல்லவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. பேடு மாற்றி சர்வீஸ் செய்ய 6,000 ஆகும் என்றார்கள். மறுநாள் போன். "சார், டிஸ்க் ரெண்டும் வரவே மாட்டேங்குது. கேலிப்பரும் ரெண்டு பக்கமும் போயிடுச்சு. மாத்தினாதான் சேஃப்டி." வாட்ஸ்அப்பில் துரு ஏறிய ஒரு டிஸ்க்கின் படம் அனுப்பினார்கள். அது என் வண்டியுடையதுதானா என்று கேட்கத் தோன்றவில்லை. பிரேக் விஷயத்தில் பேரம் பேசக் கூடாது என்று நினைத்து சரி என்றுவிட்டேன். கேலிப்பர் இரண்டு 19,000, டிஸ்க் இரண்டு 5,400, பேடு 2,200, கூலி 4,800. பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "காயலான் கடைக்காரன் காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்றார்கள். சக்கரத்தின் இடைவெளியில் கேலிப்பர் வெள்ளியாகப் பளபளத்தது. அதைப் பார்த்துத் திருப்தியாக வந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் 50க்கு மேல் போனால் பின்னால் இடதுபக்கம் ஊளையிடுகிற மாதிரி சத்தம். அப்புறம் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு) விளக்கு எரிந்தது. போன் செய்தால் "பழைய வண்டி சார், சென்சார்ல தூசி இருக்கும்" என்றார்கள். மூன்றாவது வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, கேட்டைத் திறக்க இறங்கினேன். வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. தூணில் இடித்து நின்றது. என் மகள் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்புறமாக நடந்து அந்த இடத்தைக் கடந்து இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போக மனம் வரவில்லை. பள்ளிக்கரணையில் ஹோண்டா வண்டிகளையே பல வருடமாகப் பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு வலதுபக்கச் சக்கரத்தைக் கழற்றினார். டார்ச்சைக் கையில் கொடுத்து, "தம்பி, நீங்களே பாருங்க" என்றார்.

கேலிப்பர் மேல் வெள்ளி ஸ்ப்ரே பெயிண்ட். அது கேலிப்பரோடு நிற்கவில்லை. ரப்பர் பிரேக் ஹோஸ் மேலும் இரண்டு அங்குலத்துக்கு அடித்திருந்தது, பேடு ஓரத்திலும் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது. கழற்றாமல் வண்டியிலேயே வைத்து அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் ஏடாக வந்தது, அடியில் பழைய துரு. டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் வந்து மாட்டுகிற நடுப்பகுதி) பிடித்து வைக்கிற இரண்டு ஸ்க்ரூவும் துரு மூடி, தலை கொஞ்சமும் சிதையாமல் அப்படியே இருந்தன. அந்த ஸ்க்ரூவைக் கழற்றாமலோ தலையை வெட்டாமலோ டிஸ்க்கை எடுக்கவே முடியாது. ஆக, பெயிண்ட் அடித்ததோடு சரி, வலதுபக்க டிஸ்க்கிலும் கேலிப்பரிலும் யாரும் கை வைக்கவே இல்லை.

இடதுபக்கம் டிஸ்க் மட்டும் புதிது. அங்கே அந்த ஸ்க்ரூ தலைகளை உளி வைத்து வெட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ இல்லாததால் ஆபத்து இல்லை, டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது சக்கர நட்டுதான் என்று பெரியவரே நியாயமாகச் சொன்னார். ஆனால் ஹப் விளிம்பில் வரிசையாகச் சம்மட்டி அடி. சக்கரம் சுழல உதவுகிற பேரிங் போய் அந்த ஊளைச் சத்தம் வந்ததற்கும் அதை ஒட்டியுள்ள ஏ.பி.எஸ். சென்சார் போனதற்கும் அதுதான் காரணம். அடி விழுந்தது டிஸ்க்குக்கு என்றாலும் அதிர்ச்சி முழுக்கப் பேரிங் குண்டுகளுக்குத்தான் போகும்.

ஹேண்ட் பிரேக் போன விதம் இன்னும் மோசம். இந்த வண்டியின் பின்பக்கப் பிஸ்டன் உள்ளே மரை வைத்தது. அதைக் கடிகாரச் சுற்றில் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். பிஸ்டன் முகத்தில் கூட்டல் குறி போல ஒரு பள்ளம் இருக்கும், திருகுகிற டூல் அதில்தான் உட்காரும். முன்பக்கப் பிஸ்டனைத் தள்ளுவதுபோல சி-கிளாம்ப் என்ற இறுக்குகிற கருவியை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கிற ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்டர் நாசமாகிவிடும். என் வண்டியின் இடதுபக்கப் பிஸ்டனில் அந்தக் கூட்டல் குறியின் ஒரு முனை நசுங்கி, கிளாம்ப் அழுத்திய வட்டத் தடம் அப்படியே பதிந்திருந்தது. கேலிப்பர் நகர்ந்து ஓடுகிற கம்பிகளுக்கு வீல் பேரிங் கிரீஸைத் தடவி வைத்திருந்தார்கள். சாதாரண கிரீஸ் பட்டால் அந்தக் கம்பியை மூடியிருக்கிற ரப்பர் ஊதிக்கொள்ளும். அதற்கென்று பிரேக் கிரீஸ் தனியாக இருக்கிறது.

வலதுபக்க டிஸ்க்கைப் பெரியவர் எடுத்த விதத்தையும் எழுதுகிறேன். "வரவே மாட்டேங்குது" என்று உங்களிடம் யாராவது சொன்னால் எப்படி வரும் என்று தெரிந்திருக்கட்டும். சாயங்காலமே துரு இளக்குகிற ஸ்ப்ரேயை ஸ்க்ரூ மேலும் ஹப் சேருகிற வட்டத்திலும் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டார். காலையில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, கேலிப்பரைக் கழற்றி, கம்பி போட்டு மேலே கட்டினார். ஹோஸில் தொங்கவிடவில்லை. அந்த ஸ்க்ரூவுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் நழுவி, தலை வழுக்கையாகிவிடும். அவர் சரியான அளவு பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அது தானாகக் கொஞ்சம் திரும்பும். ஸ்க்ரூ இரண்டும் வந்துவிட்டன. அப்புறம் டிஸ்க்கிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டைகளைக் காட்டினார். கம்பெனியே டிஸ்க்கைக் கழற்றுவதற்காக வைத்தது. இரண்டு 8 எம்.எம். போல்ட்டை அதில் போட்டு, இது அரைச் சுற்று, அது அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். 'டக்'கென்று ஒரு சத்தம். டிஸ்க் கையோடு வந்தது. சம்மட்டியும் வேண்டியிருக்கவில்லை, கேஸ் வெல்டிங் தீயும் வேண்டியிருக்கவில்லை. ஊறிய நேரம் போகக் கால் மணி நேர வேலை.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. சில கார்களில் டிஸ்க்குக்கு நடுவே டிரம் மாதிரிக் குழிந்து, உள்ளே ஹேண்ட் பிரேக் ஷூ (உள்ளிருந்து விரிந்து அழுத்துகிற வளைந்த கட்டை) தனியாக இருக்கும். அதில் ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவைச் சுருக்கினால்தான் டிஸ்க் வரும். சுருக்காமல் அடித்தால் ஷூ பிய்த்துக்கொண்டு வரும்.

வலதுபக்க கேலிப்பருக்கு ரப்பர் கிட் மாற்றியதே போதுமாயிருந்தது. வலதுபக்கத்துக்குப் புது டிஸ்க், இடதுபக்கத்துக்கு வேறு கேலிப்பர், பேரிங் ஹப், சென்சார், இரண்டு பக்கமும் பேடு எல்லாம் சேர்த்து 26,000. புது டிஸ்க் வைக்குமுன் ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்தார். முந்தைய கடையில் துருப் பொடி மேலேயே டிஸ்க்கை வைத்திருந்தார்கள்.

படங்களோடு அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி முதலில் பையன் மேல் பழி போட்டார், அப்புறம் 5,000 தருகிறேன் என்றார். வாங்கவில்லை. அவர் கொடுத்திருந்தது வெறும் எஸ்டிமேட் தாள், ஜி.எஸ்.டி. பில் இல்லை. பணம் ஜிபே மூலம் போனது, வாட்ஸ்அப் பேச்சு இருக்கிறது, அது ஒன்றுதான் இப்போது கைகொடுக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

பிரேக் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டி விடும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றுகிற நேரத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். இனிமேல் வண்டியைச் சமதளத்தில் நாள்கணக்கில் நிறுத்தினால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். அந்த வலதுபக்கப் பழைய டிஸ்க்கையும், சிதையாத அதன் இரண்டு ஸ்க்ரூவையும், நசுங்கிய பிஸ்டனோடு இடதுபக்க கேலிப்பரையும் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். ஆணையத்தில் கேட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு போவேன்.