ஆர்கெஸ்ட்ரா தாளக்கருவி ஆன்லைன் வகுப்பு: சேரலாமா?

மேற்கத்திய செவ்வியல் தாளக்கருவிகளை ஆன்லைனில் கற்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் ஆர்கெஸ்ட்ராவில் டிம்பனி (சுருதி மாற்றக்கூடிய, கிண்ண வடிவப் பெரிய முரசு) வாசிப்பவர், அப்புறம் கண்டக்டரும்கூட, அதாவது முன்னால் நின்று கையசைத்து மொத்தக் குழுவையும் நடத்துபவர். நான் சேர்ந்ததே அந்த இரண்டாவது தகுதிக்காகத்தான்.

கை எப்படி விழ வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம். டிம்பனியில் நடுவில் அடித்தால் மொத்தென்று செத்த ஒலி, விளிம்பிலிருந்து ஒரு கை அகலம் உள்ளே அடித்தால்தான் ஸ்வரம் கேட்கும், இதெல்லாம் முதல் பாடத்திலேயே முடிந்துவிடுகிறது. இவர் கூடுதலாகச் சொல்வது அந்த அடி முன்னால் நிற்கும் கண்டக்டர் காதில் எப்போது விழுகிறது என்பதை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வயலின் நமக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், அதைக் கேட்டு நாம் அடித்து, நம் ஒலி திரும்ப அங்கே போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 0.09 நொடி பிந்திவிடும். அதனால் தாளக்காரர்கள் மாதிரி கடைசி வரிசையில் இருப்பவர்கள் காதைவிட, கண்டக்டர் கையைப் பார்க்கும் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இதைப் பழக்க அவர் செய்திருக்கும் ஏற்பாடு அருமை. வீடியோ அழைப்பில் தாமதம் இருப்பதால் சேர்ந்து வாசிக்க முடியாது, சரி, அதற்காகத் தான் கண்டக்ட் செய்வதை ஒலியே இல்லாமல் பதிவுசெய்து கொடுத்துவிடுகிறார், அதைப் பார்த்து நாம் வாசித்து அனுப்ப வேண்டும். பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தனி டிம்பனியோடு தொடங்கும் இல்லையா, அந்தத் தொடக்கத்துக்கே வெவ்வேறு கையசைவுகள் வைத்திருக்கிறார். ஒன்றில் கை மெதுவாக எழும்புகிறது, நம் குச்சியும் தானாகவே கனமாக இறங்குகிறது.

இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 9வது சிம்பொனி பாடமும் பிடித்தது. மொத்தப் படைப்பிலும் சிம்பலுக்கு (பித்தளைத் தட்டு) ஒரே ஒரு அடி, அதுவும் கடைசிப் பகுதியில், பெரிய சத்தமாகக்கூட இல்லை. அந்த ஒன்றுக்காக ஸ்கோரை (இசைக்குறிப்புத் தாளை)ப் பிடித்துக்கொண்டு எண்ணியபடியே உட்கார வைக்கிறார். கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் இந்த வேலையே பாதி இதுதான்.

குறைகள்? வீடியோ செயலியின் இரைச்சல் நீக்கம் ஸ்னேர் டிரம் (அடியில் கம்பிகள் கட்டிய சிறிய முரசு) ரோலையே, அதாவது இடைவிடாத வேக அடிகளையே, இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அந்த அமைப்பை அணைக்கச் சொல்லி யாரும் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை, ஸ்னேர் டிரம் சன்னமாகத் தொடங்கும் ராவெலின் 'பொலேரோ' பயிற்சியை நான் சன்னமாக வாசிக்க வாசிக்க அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. கச்சேரிக் காலத்தில் வகுப்புகள் இஷ்டத்துக்குத் தள்ளிப்போகும். கையில் டிம்பனி இல்லாமல் பயிற்சிப் பலகை மட்டும் இருந்தால், மற்றவர்கள் வேறு சுருதியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே காதைத் தோலருகே வைத்துச் சுருதி மாற்றும் பாடங்கள் முழுக்க வீண்.

வேகமாக ரோல் போட்டுக் காட்ட மட்டும் ஆசைப்படுகிறவர்கள் யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழுவில் உட்கார்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள், சேரும்போதே தள்ளிப்போன வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.