தினம் ஒரு யூடியா, முழுசா முடிச்சிட்டு கிண்டிலா?

காதல் கதை எழுத வருகிற தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, தொடரா போடட்டுமா, முழுசா எழுதி முடிச்சு நேரா கிண்டில்ல ஏத்தட்டுமா?" தொடர் என்றால் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு யூடி, அதாவது அப்டேட். கிண்டில், அமேசானின் மின்நூல் கடை. இதுவரை ஏழு நாவல் எழுதியிருக்கிறேன். நான்கு தொடராகப் போனவை, மூன்று யார் கண்ணிலும் காட்டாமல் முடித்தவை. பணக்கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எப்படி வெளியிடுகிறோமோ அப்படித்தான் கதையும் வளர்கிறது.

எனக்கு எழுத்துப் பழக்கம் வந்ததே தொடரால்தான். நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். காலை ஆறரைக்கு எதிர்வீட்டில் தறி ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் நிற்காது. அதனால் நாலரைக்கு எழுந்து, அத்தை வாசல் தெளிக்க வருவதற்குள், அடுப்படியில் மனை போட்டு உட்கார்ந்து போனில் கட்டைவிரலால் ஆயிரம் வார்த்தை அடித்துவிடுவேன். திங்கள், புதன், வெள்ளி யூடி என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். காய்ச்சலில் படுத்து ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப்போனபோது, அதுவரை ஒரு வார்த்தை எழுதாத சைலன்ட் ரீடர் ஒருவர், வயதானவர், "ஏன் கண்ணு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருந்தார். மறுநாள் எழுந்து உட்கார எனக்கு அது போதுமாக இருந்தது. தனியாக எழுதுகிறவளுக்கு இந்தத் துணை பெரிய விஷயம். மூன்று மாதம் சத்தமில்லாமல் முழு நாவல் எழுதும்போது நாம் எழுதினோமா படுத்தோமா என்று யாருக்கும் தெரியாது. என் ஐந்தாவது கதை பாதியில் நின்று எட்டு மாதம் போனிலேயே கிடந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

தப்பைப் பிடித்துக் கொடுப்பதும் தொடரில்தான் நடக்கும். தை மாதம் நாயகி ஏற்காட்டு எஸ்டேட்டுக்குப் போகிறாள், காபிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். மறுநாளே மலையிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: "அக்கா, தையில நாங்க பழம் பறிச்சுக்கிட்டு இருப்போம். பூ, மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை பெஞ்ச அப்புறம்தான் வரும், வந்தாலும் நாலு நாள்தான் நிக்கும்." உடனே திருத்தினேன், கூடவே அந்த நாலு நாள் என்பது எனக்கு இன்னொரு கதைக்கு விதையாகவும் ஆனது. கிண்டிலிலும் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம்தான், ஆனால் ஏற்கெனவே வாங்கி இறக்கிக்கொண்டவர்கள் கையில் பெரும்பாலும் பழசுதான் இருக்கும்.

சரி, அப்படியானால் தொடரே போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அந்தப் பேருந்துக் காட்சியை எழுதும் வரை.

சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி சேலத்திலிருந்து ஏற்காடு போகிறார்கள். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. நான் நினைத்திருந்தது இவ்வளவுதான்: மூன்றாவது வளைவில் அவன்மேல் சாய்ந்துவிடக் கூடாது என்று அவள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், பதினொன்றில் குளிர் ஏறும்போது, கேட்காமலே அவன் கை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்குகிறான், பதினேழில் அவள் கை கம்பியை விட்டிருக்கிறது. பேச்சே கிடையாது. நாவலில் இது நாலைந்து பக்கம், தொடரில் இரண்டு எபி, அதாவது எபிசோட். புதன்கிழமையிலிருந்து காத்திருந்தவர்கள் "சிஸ், இன்னைக்குக் கதை நகரவே இல்லையே" என்று கேட்டார்கள், அது நியாயமான கேள்விதான். அதனால் அடுத்த எபியில், ஒன்பதாவது வளைவிலேயே, அவனுக்குப் பழைய காதலியிடமிருந்து போன் வர வைத்தேன். 'தொடரும்' போட நல்ல இடம். ஆனால் அந்தப் போன் ஏன் வந்தது என்பதற்கு அப்புறம் பத்து எபி எழுத வேண்டியதாயிற்று, அவள் கை கம்பியை விட்டதை எழுத இடமே கிடைக்கவில்லை. தொடரில் காதல் அவசரப்படுகிறது. மாமியார், பங்காளி, சொத்து, ஒளித்து வைத்த ரகசியம் இதையெல்லாம் அது அழகாகத் தாங்கும். இரண்டு பேர் மெதுவாக ஒருவரை ஒருவர் நம்ப ஆரம்பிப்பதைத் தாங்குவதில்லை. ஆறாவது நாவலை முழுசாக எழுதியபோது வேறொரு ஜோடியை அதே பேருந்தில் ஏற்றினேன். நோட்டை எடுத்துக்கொண்டு நானே இரண்டு தடவை போய் வந்தேன். போன் வரவில்லை. இன்றைக்கும் அந்த அத்தியாயத்தைச் சொல்லித்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

பணம். கிண்டில் 2016 கடைசியில் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நம்மைப் போல வீட்டிலிருந்து எழுதும் பெண்களுக்கு ஒரு வழி திறந்தது. இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்டில், அதாவது மின்நூலை அமேசானுக்கு மட்டும் கொடுக்கும் திட்டத்தில், சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35 தான். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது, மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை காட்டலாம். தொடர் முடிந்ததும் "இரண்டு நாளில் லிங்க் எடுத்துவிடுவேன்" என்று எல்லாரும் போடுவது இதனால்தான், வாசகர்கள் மேல் கோபத்தில் இல்லை. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் வாசகர்கள் படிக்கும் பக்கக் கணக்கில் நமக்குப் பணம் வரும், அந்த விகிதம் மாதாமாதம் மாறும். ஜனவரியில் படித்ததற்கு மார்ச் கடைசியில்தான் கைக்கு வரும் என்பதால் அதை நம்பி ஸ்கூல் ஃபீஸ் கணக்குப் போடாதீர்கள். தொடர் செயலிகளில் காசு சின்னது, ஆனால் பேர் கிடைக்கும். பேர் இல்லாமல் முதல் நாவலை நேராகக் கிண்டிலில் ஏற்றினால் பக்கத்தைப் புரட்ட ஆள் வேண்டுமே?

அச்சுப் புத்தகம் தனிக் கதை. ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தேன், எத்தனை விற்றது என்ற கணக்கு இன்றுவரை வரவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஆக, முதல் இரண்டு கதை தொடராகவே போகட்டும், ஆனால் பதினைந்து எபியாவது கையில் இல்லாமல் முதல் யூடி போடாதீர்கள். கையிருப்பு இருந்தால்தான் பயத்தில் போன் வர வைக்க மாட்டோம். காதலே முழுக்கதை என்றால் மூடி வைத்து எழுதுங்கள். கடைசி ஐந்து அத்தியாயத்துக்கு நான் ஏற்காட்டில் ரூம் எடுத்துவிடுவேன். வார நாளாக இருந்தால் வாடகை குறைவு, கோடை விழா நடக்கிற மே மாதத்தில் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்போது எழுதுவது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தின் கதை. மூன்று மருமகள்கள், ஒரு பாகப்பிரிவினை. தொடர்தான். தை பிறந்ததும் முதல் யூடி, பதினைந்தில் பதினொரு எபி முடிந்திருக்கிறது.