டாப்ஸ்லிப்பில் ‘இரவு சஃபாரி’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, மகளோடு பெருந்துறையிலிருந்து ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்புக்குக் கிளம்பினோம். இருவாட்சிப் பறவையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

பொள்ளாச்சியில் தங்கிய விடுதிக்கே ஒரு முகவர் வந்தார். “வனத்துறை வேனில் பகலில் போனால் மானைத் தவிர ஒன்றும் தெரியாது ஐயா. ராத்திரி ஜீப்பில் யானை உறுதி. அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம்” என்றார். நான்கு பேருக்கு 7,200 ரூபாய். ரசீதில் புலித்தலை முத்திரை இருந்தது. அதைப் பார்த்தே நம்பிவிட்டேன். முகவரியோ ரசீது எண்ணோ இல்லாததை அப்போது கவனிக்கவில்லை.

இரவு 8 மணிக்குக் கிளம்பிய ஜீப், டாப்ஸ்லிப் போகும் வழியிலுள்ள சேத்துமடை வனச் சோதனைச்சாவடிக்குப் போகவே இல்லை. அதற்கு முன்பே ஒரு தென்னந்தோப்புக்குள் திரும்பி மலையடிவாரத்தில் நின்றது. வேலிக்கு அப்பால் பலாப்பழங்களைப் பிளந்து போட்டிருந்தார்கள். வாசம் வண்டிக்குள் அடித்தது. அரைமணி நேரத்தில் ஒரு தாய் யானையும் குட்டியும் வந்தன. ஓட்டுநர் பெரிய டார்ச் விளக்கை நேராகக் கண்ணில் அடித்தார். குட்டி தாயின் காலுக்கடியில் புகுந்துகொண்டது. தாய் காதை விரித்து எங்களை நோக்கி நான்கு எட்டு வைத்தது. மகள் வாய்விட்டு அழுதுவிட்டாள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

பணம் போனதைவிட அந்தப் பலாப்பழம்தான் என்னை உறுத்துகிறது. ருசி கண்ட யானை மறுபடியும் தோப்புக்குத்தான் வரும். அங்கே காவலுக்குப் படுத்திருப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆனைமலை 2007 முதல் புலிகள் காப்பகம். இரவு சஃபாரிக்கு அங்கே அனுமதியே கிடையாது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். மாட்டினால் வண்டியில் இருக்கும் நாமும் பதில் சொல்ல வேண்டும். சேத்துமடை வழியாகப் பகலில் போய், டாப்ஸ்லிப்பில் வனத்துறை கவுண்டரிலேயே டிக்கெட் எடுங்கள்.

மறுநாள் நாங்கள் அப்படித்தான் போனோம். காட்டுமாடுகளையும் கருமந்திகளையும் பார்த்தோம். திரும்பும்போது தலைக்கு மேல் புஸ் புஸ்ஸென்று பெரும் இறக்கைச் சத்தம். இருவாட்சி! அப்பா வெகுநேரம் அண்ணாந்தே நின்றிருந்தார்.

முகவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. ஜீப்பின் எண்ணையும் ரசீதின் நகலையும் வைத்து வனச்சரக அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே புலித்தலை ரசீது உங்களிடமும் இருந்தால், தூக்கி எறியாமல் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.