பட்டியா, புதுத் தகடா? எங்கள் பழைய 407-க்கு நான் செய்தது

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துச் சரக்கு லாரி டாடா 407-இன் கதவுக்குக் கீழே பெயிண்டில் ஒரு கொப்புளம். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினேன். 'டங்' என்று வர வேண்டிய சத்தம் 'சொத்' என்று வந்தது. முனையை வைத்து அழுத்தியதும் பாதிக் கம்பி உள்ளே போய்விட்டது. நான்கு வருடத்துக்கு முன் அதே இடத்தில் பட்டி (ஓட்டையையும் பள்ளத்தையும் நிரப்பும் பசை) போட்டு மூடியது நினைவுக்கு வந்தது.

வழி இரண்டுதான். ஓட்டையை ஃபைபரும் பட்டியும் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடிப்பது; அல்லது துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. முதலாவது இரண்டு நாள் வேலை, செலவும் குறைவு. இரண்டாவதற்கு வண்டி ஒரு வாரம் பட்டறையில் நிற்கும், பணமும் பல மடங்கு. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டி மேல் பட்டி அப்ப எனக்குப் பொறுமை இல்லை, வெல்டிங்குக்கே போனேன்.

உண்மையில் இதைத் தீர்மானிப்பது தகட்டின் பின்பக்கம். கதவுக்குக் கீழே இருப்பது பெட்டி போல மூடிய தகடு. அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. எங்கள் வண்டியில் உர மூட்டைத் தூளும் செம்மண்ணும் காப்பிச் சருகும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டன. உரத்தில் உப்பு, மலையில் மாதக்கணக்கில் பனிமூட்டம். துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. பட்டி போடுகிறவர் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார். பட்டியோ ஈரத்தை உறிஞ்சும்.

வெல்டிங்கும் இந்தச் சிக்கலுக்கு விலக்கு அல்ல. சூட்டில் பின்பக்கத்துப் பெயிண்ட் எரிந்து வெற்று இரும்பாகிவிடும். அப்படியே மூடினால் துரு மறுபடி அங்கேதான் தொடங்கும். பழைய தகட்டின் மேல் புதியதை ஏற்றி ஒட்டுவது அதைவிட மோசம், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஏறி நிற்கும்.

நான் போன சேலத்துப் பட்டறையில் தகடு வேலை செய்யும் டிங்கர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் டேங்க்கை இறக்கினார். பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். உள்ளங்கை அகலம் என்று நான் நினைத்த ஓட்டை முழ நீளமானது. அட்டையில் அச்சு வெட்டி, 20 கேஜ் (ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன்) தகட்டை விளிம்போடு விளிம்பு சேர வைத்தார். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும் என்று சி.ஓ.2 வெல்டிங். அதையும் ஒரே இழுப்பில் இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு.

"ஏன் அண்ணா இவ்வளவு மெதுவாக?" என்றேன்.

"அவசரப்பட்டால் அப்பளம்தான் தம்பி."

இரும்பாலை ஊரில் இருந்துகொண்டு எவர்சில்வர் தகடே போடலாமே என்றார் ஒரு நண்பர். கூடாது. ஈரம் பட்டால் அதை ஒட்டியிருக்கும் சாதா இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

கடைசியில் துளை வழியாகக் குழாயை விட்டு உள்ளே முழுக்கத் துருவைத் தடுக்கும் மெழுகுக் கலவை அடித்தோம். இந்த உள்பக்க வேலைக்காகவே வெல்டிங் பக்கம் சாய்கிறேன்; வெட்டித் திறந்தால்தான் மெழுகு அடிக்கும் முன் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்ய முடிகிறது.

இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது. பத்து வருடம் தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சேஸிஸ் துருவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அடுத்த மாதம் விற்கப் போகிறவருக்குப் பட்டி போதும், வாங்க வருகிறவர் காந்தம் கொண்டு வராதவரை; பட்டியில் காந்தம் ஒட்டாது.

இப்போது வண்டியைக் கழுவும்போதெல்லாம் அந்தத் துளைகளில் கம்பி விட்டுக் குத்துகிறேன். போன வாரம் ஒரு கைப்பிடி செம்மண் வந்தது, கூடவே காப்பிச் சருகும்.