வண்டியில் ஒளித்த ஏர்டேக் திருடனுக்கும் தகவல் சொல்லும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிபவை

சாவிக்கொத்து, பயணப்பெட்டி, மறதியாக எங்கோ வைத்துவிடும் பை இவற்றுக்கெல்லாம் ஏர்டேக் (அருகில் போகும் ஐஃபோன்கள் வழியாகத் தன் இடத்தை உரிமையாளருக்குச் சொல்லும் ஆப்பிளின் சிறு வில்லை) நன்றாகவே உழைக்கிறது. ஸ்கூட்டரும் சைக்கிளும் திருடு போனால் கண்டுபிடிக்கலாம் என்று வாங்குபவர்கள்தான் பின்னால் ஏமாறுகிறார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போனவனின் ஃபோனுக்கே "உங்களோடு ஒரு டேக் நகர்கிறது" என்று அறிவிப்பு போய்விடும்.

பழுது என்று இதைச் சொல்ல முடியாது. உரிமையாளர் பக்கத்தில் இல்லை, டேக் இன்னொருவரோடு ஊர் சுற்றுகிறது; ரேடியோ அலைக்குத் தெரிவது இவ்வளவுதான். அந்த இன்னொருவர் வண்டித் திருடனா, கைப்பையில் முன்னாள் கணவனால் டேக் திணிக்கப்பட்ட ஒரு பெண்ணா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே எல்லோரையும் எச்சரிக்கிறது.

உள்ளே நடப்பது இது. உரிமையாளரின் ஃபோன் அருகில் இருக்கும்வரை டேக் தன் புளூடூத் அடையாளத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வகுத்த பொது விதிமுறைப்படி, அரை மணி நேரத்துக்கு மேல் பிரிந்திருந்தால் 'பிரிந்த நிலை'க்குப் போய்விடும். அந்த நிலையில் அடையாளம் மாறுவது 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். ஒரே அடையாளம் திரும்பத் திரும்பக் கூடவே வருவதைக் கவனித்துத்தான் அருகிலுள்ளவரின் ஃபோன் எச்சரிக்கிறது. பிரிந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள், முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு நேரத்துக்குப் பிறகு டேக்கை அசைத்தால் அதுவே ஒலியும் எழுப்பும். 2021 ஏப்ரலில் வெளிவந்தபோது இந்தக் கெடு மூன்று நாள். விமர்சனம் வந்ததும் அதே ஆண்டு ஜூனில் குறைத்தார்கள். ஐஃபோன்கள் தொடக்கம் முதலே ஏர்டேக் எச்சரிக்கையைத் தந்தன; 2023 ஜூலையிலிருந்து ஆண்ட்ராய்டு 6 முதலான ஃபோன்களும் தருகின்றன. திருடன் கையில் ஆண்ட்ராய்டுதானே என்ற பழைய நிம்மதி அன்றோடு போயிற்று.

ஆனால் எச்சரிக்கை உடனே வந்துவிடாது. வெவ்வேறு இடங்களில், கொஞ்ச நேரமாவது தொடர்ந்து கூட வர வேண்டும். திருடியவன் வீடு போய்ச் சேர்ந்த பிறகோ அன்று இரவோதான் பெரும்பாலும் வருகிறது. வண்டியை ஏதாவது ஷெட்டில் தள்ளிப் பூட்டிவிட்டால் டேக் அசையாது, ஒலியும் வராது. மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது ஒலித்தாலும் இன்ஜின் சத்தத்தில் சீட்டுக்கு அடியில் கிடப்பது காதில் விழுவது சந்தேகமே. உங்கள் கையில் இருக்கும் அவகாசம் முதல் சில மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, டேக்கைத் தேடும் 'ஃபைண்ட் மை' ஆப்பைத் திறந்ததும் 'ஒலி எழுப்பு' பட்டனை அழுத்துவது. அது திருடனுக்கு நீங்களே கொடுக்கும் தகவல். முதலில் வரைபடத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தெரியும் புள்ளி டேக்கின் இடமல்ல, டேக்கைக் கேட்ட யாரோ ஒருவருடைய ஐஃபோன் இருந்த இடம். தெருவில் நாலு வீடு தள்ளிக் காட்டலாம். ஐஓஎஸ் 18.2 முதல் 'பொருளின் இருப்பிடத்தைப் பகிர்' என்ற வசதி உண்டு. அதில் வரும் இணைப்பை எந்த ஃபோனிலும் கணினியிலும் திறந்து பார்க்கலாம், ஏழு நாளில் தானாகக் காலாவதியாகிவிடும். விமான நிறுவனங்களிடம் பெட்டியைத் தேடச் சொல்ல வந்த வசதிதான். காவல் நிலையத்தில் ஃபோனையே கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கும் வேலையையும் இது மிச்சப்படுத்துகிறது. புகாரில் வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண்ணோடு டேக்கின் வரிசை எண்ணையும் எழுதுங்கள். அது ஃபைண்ட் மை ஆப்பில் இருக்கும். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு கேட்க எஃப்.ஐ.ஆர். வேண்டும். புள்ளியைப் பின்தொடர்ந்து தனியாக யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். போலீஸ் கூட வந்தால் ஐஃபோன் 11 முதலான பெரும்பாலான மாடல்களில் உள்ள அம்புக்குறித் தேடல் கடைசிச் சில மீட்டர்களில் உதவும்.

பொருத்தும் இடத்தில் நிறையவே கெட்டுப்போகிறது. இரும்புப் பெட்டிக்குள் போட்டால் சிக்னல் சாகும். சீட்டின் ஃபோமுக்கு உள்ளே, அல்லது பிளாஸ்டிக் பேனலின் உள்பக்கம் சரியான இடம். தாங்கும் வெப்பம் 60 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் கறுப்பு சீட்டின் மேல்தோலுக்கு ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது. மழைக்குப் பயமில்லை, ஐபி67 தரம். பேட்டரி சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி, ஓராண்டுக் கணக்கு. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் வருகின்றன. அவற்றில் சில ஏர்டேக்கில் வேலை செய்வதில்லை, மின்தொடர்பு கிடைக்காமல் போகும். புது பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு ஜியோடேக் கோ போன்ற டேக்குகள் உண்டு. நம் ஊரில் ஆண்ட்ராய்டு ஃபோன்களே அதிகம் என்பதால் அவற்றைத் தேடும் கூகுளின் வலையமைப்பான ஃபைண்ட் ஹப் முந்த வேண்டும். நடப்பில் அப்படி இல்லை. அதன் இயல்பு அமைப்பு 'கூட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும்'; பல ஃபோன்கள் டேக்கைக் கண்டால்தான் இடத்தைச் சொல்லும். 'எல்லா இடங்களிலும்' என்று உங்கள் ஃபோனில் மாற்றலாம், ஆனால் தெருவில் போகிறவர்களும் மாற்றியிருந்தால்தான் உங்களுக்குப் பயன். இன்னொன்று: கூகுள் கணக்கில் வீட்டு முகவரி சேமித்தவர்களின் ஃபோன், அந்த வீட்டருகே இருக்கும்போது டேக் தகவலை அனுப்பாது. அவர்களின் அந்தரங்கத்துக்கு நல்லது. திருட்டு வண்டி நிற்கும் சந்துக்கு?

திருடனிடம் டேக் மறைந்திருக்க வேண்டும், பின்தொடரப்படுபவருக்குத் தெரிய வேண்டும் என்ற இழுபறியைத் தீர்க்க, இதே போன்ற டேக் விற்கும் டைல் நிறுவனம் 2023 பிப்ரவரியில் ஒரு வழி சொன்னது: அரசு அடையாள அட்டையும் முகப்பதிவும் கொடுத்தால் உங்கள் டேக் மற்றவர்களின் ஸ்கேனில் தெரியாது, பின்தொடரப் பயன்படுத்தித் தண்டனை பெற்றால் பத்து லட்சம் டாலர் அபராதம். காகிதத்தில் கடுமைதான். ஆனால் பாதிக்கப்படுபவருக்குத் தன்னிடம் டேக் இருப்பதே தெரியாதபோது யார் மீது புகார் கொடுப்பது? ஸ்பீக்கரைப் பிடுங்கிய ஏர்டேக்குகளை விற்பதும் இதே ரகம். ஒலி போனாலும் ஃபோன் எச்சரிக்கை வரத்தான் செய்யும். திருடனைப் பிடிப்பதில் லாபம் சொற்பம், தவறான கைக்குப் போனால் ஆபத்து அதிகம்.

உங்கள் ஃபோனிலேயே அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் பேட்டரியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். டேக்கின் வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி (தொட்டால் தகவல் படிக்கும் வசதி) உள்ள ஃபோனில் ஒட்டினால் திறக்கும் பக்கத்தில் வரிசை எண்ணும் உரிமையாளரின் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் வரும். அதைப் படம் பிடித்த பிறகு, எஃகு மூடியை அழுத்தி இடப்பக்கம் திருகிக் கழற்றலாம். அதோடு உங்கள் இருப்பிடம் போவது நிற்கும். வரிசை எண்ணை வைத்து உரிய சட்ட முறைப்படி கேட்டால் ஆப்பிள் கணக்கு விவரத்தைக் காவல்துறைக்குத் தரும். பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் குற்றம், முதல்முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. ஆண்ட்ராய்டில் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்: செட்டிங்ஸில் 'பாதுகாப்பும் அவசரமும்' பகுதிக்குள் அறியாத டிராக்கர் எச்சரிக்கையைத் திறந்து ஸ்கேன் கொடுங்கள், சில நொடி வேலை.

ஒரே வண்டியை வீட்டில் நாலு பேர் ஓட்டினால் தம்பிக்கும் மகளுக்கும் வீண் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஐஓஎஸ் 17 முதல் இன்னும் ஐந்து பேரோடு டேக்கைப் பகிரலாம், அவர்களுக்கு எச்சரிக்கை நின்றுவிடும். ஐஃபோன் இல்லாதவருக்கு இந்த வழி இல்லை. வண்டியில் டேக் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

விலையுயர்ந்த பைக் என்றால் வயரிங்கில் இணைக்கும் சிம் ஜிபிஎஸ் கருவிதான் முதல் காவல், ஏர்டேக் இரண்டாவது. ஜிபிஎஸ் கருவி யார் ஃபோனையும் நம்பியிருக்காது. சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காவிட்டால் அந்தக் கருவி வண்டியின் பேட்டரியை இறக்கிவிடும், ஊருக்குப் போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.