எரிகா சிந்த்ஸ் விசிஓ கிற்: கச்சான் காற்றில் சுருதி நிற்குமா?

லத்வியாவின் ரீகாவில் இருக்கும் சின்தசைசர் நிறுவனமான எரிகா சிந்த்ஸ், யூடியூப்பில் சின்தசைசர் செய்யக் கற்பிக்கும் மொரிட்ஸ் கிளைனுடன் சேர்ந்து வெளியிடும் ஈடியூ என்ற, நாமே பொருத்திக் கற்கும் கிற் வரிசையில் முதலில் வாங்கத் தக்கது இந்த விசிஓ கிற். விசிஓ என்பது கொடுக்கும் வோல்ற்றுக்கேற்பச் சுருதி மாறும் ஒசிலேற்றர், அதாவது ஒலிக்கான அலையை உண்டாக்கும் சுற்று. ரம்பப்பல் அலை, துடிப்பு அலை இரண்டும் வரும். எல்லாம் துளையில் செருகி ஈயம் பிடிக்கும் பாகங்கள் என்பதால் பூதக்கண்ணாடி தேவையில்லை. கையேடு அருமை. ஓமின் விதியை மறந்தவருக்கும் சுற்று ஏன் அப்படி இருக்கிறது என்று படிப்படியாக விளக்குகிறது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வாசித்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். உள்ளே இருக்கும் ஐசிகளும் தடையிகளும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடினால் அகப்படும் ரகம்தான். அச்சிட்ட பலகைக்கும் முகப்புத் தகட்டுக்கும்தான் திருகோணமலை வரைக்கும் அனுப்புக்கூலியும் சுங்கமும் கட்டுகிறோம்.

மின்வழங்கி இதில் இல்லை. இது பொருந்தும் யூரோராக் என்ற சின்தசைசர் அடுக்குச் சட்டத்துக்கு +12, −12 வோல்ற்று இரண்டும் வேண்டும், ரவுட்டர் அடாப்டரைச் செருகி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மலிவான மின்வழங்கியும் வேண்டாம். அலையை உண்டாக்கும் சிடி40106 என்ற ஐசி எந்த வோல்ற்றளவில் நிலை மாறும் என்பது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மின்வழங்கி நடுங்கினால் சுருதியும் நடுங்கும்.

பொருத்தும்போது அதிகம் தவறுவது தடையியின் நிறப்பட்டைகளில். நீல உடலில் 1 கிலோஓமின் மண்ணிறம், 10 கிலோஓமின் சிவப்பு, 100 கிலோஓமின் செம்மஞ்சள் மூன்றும் மின்குமிழ் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொன்றையும் மீற்றரில் அளந்த பிறகே செருகுங்கள். ஜாக்குகளையும் திருகு தடையிகளையும் முதலில் பலகையில் வெறுமனே செருகி, முகப்பைப் போட்டு நட்டு இறுக்கி, அதன் பிறகே ஈயம் வையுங்கள். முந்தினால் தகடு உட்காராது. புவித்தொடுப்புப் புள்ளிகள் சூட்டை இழுத்துக்கொள்ளும், 350 பாகையில் இரண்டு மூன்று விநாடி கூடப் பிடிக்க வேண்டும். மின் கொடுக்குமுன் +12, −12, புவி ஆகியவற்றுக்கிடையே குறுக்குச்சுற்று இல்லையென்று மீற்றரால் பாருங்கள். மின்வழங்கியிலிருந்து வரும் நாடாவின் சிவப்புக் கோடு −12 பக்கம். திருப்பிப் போட்டால் ஐசிகள் போய்விடும்.

இனி சுருதி. 1 வோல்ற்று ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். 1 வோல்ற்றில் 220 ஹேர்ட்ஸ் வைத்து, 2 வோல்ற்றில் 440 வருகிறதா என்று கைபேசிச் சுருதிமானியில் பாருங்கள். சீராக்கும் சிறு திருகைத் தொட்டதும் கீழ்ச் சுரமும் நகர்ந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் 220க்குத் திரும்பி வர வேண்டும். நாலைந்து சுற்றில் படியும். மீற்றரில் 5 மில்லிவோல்ற்றுப் பிழை 6 சென்ற் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்), காது அதைப் பிடித்துவிடும்.

அனலொக் ஒசிலேற்றர்களின் சத்துரு சூடு. வோல்ற்றைச் சுருதியாக மாற்றும், சூட்டுக்கு ஈடுசெய்யாத திரான்சிற்றர் சோடி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் நழுவும். 25 பாகை ஏசி அறையில் சீராக்கிய ஒசிலேற்றரை ஆடி மாதக் கச்சான் வீசும் பின்னேரம் 35 பாகையில் வாசித்தால், அப்படிப்பட்ட சுற்றில் ஒரு ஸ்தாயி 40 சென்ற் குறைந்து நிற்கும். இரண்டு ஸ்தாயிக்கு 80, அதாவது அரைச்சுரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிற்றைக் குறை சொல்லாதீர்கள். வாசிக்கும் அறையிலேயே, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சீராக்குங்கள். மின்விசிறிக் காற்று பலகையில் நேராகப் படக்கூடாது.

வாடைக்காற்றுக் காலத்தில் வேறொரு தொல்லை. அந்தத் திரான்சிற்றர்களில் ஓடும் மின்னோட்டம் மைக்ரோஅம்பியரிலும் அதற்குக் கீழும். ஈயத்தோடு வரும் பிசின் படிவு ஈரத்தை உறிஞ்சி அவ்விடத்தில் கசியவிட்டால் சுருதி காரணமின்றி அலையும். ஐசோப்ரொப்பைல் அற்ககோலும் பழைய பல்தூரிகையும் கொண்டு பின்பக்கத்தைத் தேய்த்து உலர்த்துங்கள். உப்பங்காற்று வீசும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் ஜாக்குகளைச் சும்மா விடாமல் மாதம் ஒருமுறையாவது செருகி எடுங்கள், கறுத்த தொடுகை கரகரக்கும்.