பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கு டேங்க் பாதுகாப்புப் பயிற்சி: ஹால் வகுப்பா, லோடு இறக்கும் இடத்திலேயா?

நிலத்தடி டேங்க் பற்றி பங்க் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழி உண்டு. வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிட்டு ஹாலில் ஒரு நாள் வகுப்பு எடுக்கலாம், இல்லையென்றால் டேங்கர் லாரி வரும்போது பக்கத்தில் நிறுத்தியே கற்றுக்கொடுக்கலாம். எங்கள் பங்கில் நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டேன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஹால் வகுப்பில் சர்டிபிகேட்டும் வருகைக் கையெழுத்தும் கிடைக்கும், ஆய்வுக்கு வருபவர்களிடம் ஃபைலை நீட்டலாம். சட்டம், லைசென்ஸ் நிபந்தனைகள், தீயணைப்பான் வகைகள் எல்லாம் அங்கே ஒழுங்காகவே சொல்கிறார்கள்.

ஆனால் பங்கில் ஆள் நிற்பதில்லையே! இன்று சர்டிபிகேட் வாங்கும் பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்று தெரியாது, அவன் இடத்துக்கு வருபவனுக்கு அடுத்த வகுப்பு வரைக்கும் ஒன்றும் தெரியாது. லாரியோ வந்துகொண்டேதான் இருக்கும், புது ஆளுக்கு முதல் வாரத்திலேயே பாடம் ஆரம்பித்துவிடும். லாரியில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த்திங் கிளிப்பை பெயின்ட் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம், வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும். ஹோஸை இணைக்கும் முன்பே மாட்டி, ஹோஸைக் கழற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஸ்லைடில் பத்து முறை பார்த்தாலும் இது கைக்கு வராது.

கசிவு விஷயமும் அப்படித்தான். டேங்குக்குள் அளவுகோல் ராடை விட்டு எடுக்கும் டிப் அளவில் குறைந்தால் எல்லோரும் "ஆவியாகியிருக்கும் சார்" என்பார்கள். பெட்ரோலுக்கு அது ஓரளவு சரி. அதோடு, சூடாக வந்த பெட்ரோல் லோடு நிலத்தடியில் 5 டிகிரி ஆறினாலே 10,000 லிட்டருக்கு 50 லிட்டருக்கு மேல் சுருங்கும். ஆனால் டீசல் அவ்வளவு ஆவியாகாது. ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தால் சரி, டீசலில் தினமும் குறைந்துகொண்டே போனால் டேங்கையோ பைப்பையோ சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் கசியும் டீசல் அடுத்து போய்ச் சேருமிடம் பக்கத்து வீட்டுக் கிணறு. சொந்தக் கையால் டிப் எடுத்து ரெஜிஸ்டரில் எழுதுகிறவனுக்குத்தான் அந்தப் போக்கு கண்ணில் படும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. மேன்ஹோல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பழைய வாட்டர் பேஸ்ட் அதைச் சரியாகக் காட்டாமல் போகலாம். எத்தனாலுக்கென்று உள்ள பேஸ்டை ராடில் தடவி, நிறம் மாறுவதைப் புது ஆளின் கண் முன்னாலேயே காட்டுகிறோம்.

எங்களிடம் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கும் ஆவி மீட்புக் கருவி கிடையாது, இரவு பகலாக ஓடும் ஹைவே பங்கை நான் நடத்தியதும் இல்லை. அங்கே லோடு இறக்கும் நெருக்கடியில் நின்று சொல்லித்தர நேரம் இருக்குமா என்பது சந்தேகம்தான், அவர்களுக்கு ஹாலே தோதாக இருக்கலாம். நாங்களும் ஹாலை முழுதாக விடவில்லை, மேனேஜரும் ஷிப்ட் சூப்பர்வைசர்களும் வருடம் ஒருமுறை போய்வருகிறார்கள். மற்றவர்களுக்கு லாரிதான் வகுப்பு; எந்த லோடில் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று லோடு ரெஜிஸ்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம், ஆய்வுக்கு அதையும் காட்டலாம்.